பூண்டு வேண்டாம் என்றாயாமே

பூம்பாறை
புரட்டாசி 14

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்குக் குழந்தை வேலப்பர் துணை.

பூண்டு எடுத்து முடித்தாயிற்று. பாதி வடுகபட்டிச் சந்தைக்குப் போய்விட்டது. 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்ததிலிருந்து நம்ம மலைப்பூண்டுக்குப் பேர் ஏறியிருக்கிறது, கைக்கு வருகிற காசு அந்த அளவுக்கு ஏறவில்லை. அதை விடு. உனக்கு ஐந்து கிலோ அனுப்ப அட்டைப்பெட்டி வாங்கி வைத்த பிறகு உங்கம்மா சொல்கிறாள், ரிஷிகேசத்தில் பூண்டு வெங்காயம் சேர்க்க மாட்டார்கள், நீயும் விட்டுவிட்டாய் என்று. எத்தனை நாளாக விட்டாய்? என்னிடம் சொல்லவில்லை.

தப்பென்று சொல்லவில்லை. மேல்தெரு வாத்தியாரிடம் கேட்டேன். ஹடயோகப் பிரதீபிகை என்கிற பழைய யோக நூலில் யோகிக்கு ஆகாதது என்று ஒரு பட்டியலே இருக்கிறதாம். பூண்டு, பெருங்காயம், கொள்ளு, தயிர், மோர். கொள்ளும் மோரும் போனால் நம்ம வீட்டுச் சமையலில் மிச்சம் என்ன இருக்கிறது? பூண்டு விற்ற காசில்தான் நீ இஞ்சினியர் ஆனாய். சொல்லிக்காட்டவில்லை, ஞாபகத்துக்குச் சொன்னேன்.

மாசியில் கிளம்பும்போது 200 மணி நேர யோகப் பயிற்சி என்றாய். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் இருபத்தைந்து நாள். நாலு மணி நேரம் என்றால் ஐம்பது நாள். எப்படி வகுத்தாலும் ஏழு மாதம் வரவில்லை, பாப்பா. உன் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஜூன் 21 யோகா தினத்துக்கு நம்ம பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். இந்தப் பள்ளியில் படித்த பிள்ளை இமயமலை அடிவாரத்தில் யோகம் சொல்லிக் கொடுக்கிறாள் என்று ஹெட்மாஸ்டர் மைக்கில் சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஜோரில் நானும் சூரிய நமஸ்காரத்துக்குக் குனிந்துவிட்டேன். நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆனால் அவ்வளவு தூரம் போக என்ன இருக்கிறது? பழனி மலைமேல் போகர் சமாதி. நம்ம வேலப்பரையும் அவர்தான் நவபாஷாணத்தில் செய்தார் என்று உன் ஆத்தா சொல்லித்தானே நீ வளர்ந்தாய். திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தானாம், இயமம் நியமத்தில் தொடங்கி சமாதி வரைக்கும். வாத்தியார் அதிலிருந்து மூச்சுக்கணக்கு எழுதிக் கொடுத்தார். இடது மூக்கில் இழுப்பது 16 மாத்திரை, உள்ளே நிறுத்துவது 64, வலதில் விடுவது 32. வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்தி இருபது எண்ணுவதற்குள் கண் இருட்டியது. குருவை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பழக வேண்டியதை இப்படித் திடுதிப்பென்று செய்யலாமா என்று வாத்தியார் ஏசினார். நீ மூச்சை ரொம்ப நேரம் அடக்காதே. உன் நெஞ்சு எப்படிப்பட்டதென்று அங்கே சொல்லியிருக்கிறாயா?

சிவானந்தர் பாய்க்குப் பேர்போன பத்தமடைக்காரர், தெரியுமா? மலேயாவில் டாக்டராக இருந்தவர், 1924-ல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். நல்ல வேலை, நல்ல சம்பளம். எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வாத்தியார் சொன்னார், எழுதினேன்.

நீ அனுப்பிய போட்டோவில் கங்கைப் படிக்கட்டு நன்றாக விழுந்திருக்கிறது. தோளில் போட்டிருக்கிற சால்வை என்ன நிறம் என்று வெயிலில் சரியாகத் தெரியவில்லை. உங்கம்மா மஞ்சள் என்கிறாள்.

மூச்சை அடக்காதே என்று மறுபடியும் எழுதப் போனேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆறாம் வகுப்போடு உன்னைத் திண்டுக்கல் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டேனே, மலைக்குளிர் உனக்கு ஆகாது, டாக்டர் சொன்னார் என்று. டாக்டர் குளிரைச் சொல்லவில்லை. அடுப்புப் புகையைச் சொன்னார். புகைமூட்டத்துக்குப் பரணில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்களே, அந்தப் பூண்டை வேறிடத்துக்கு மாற்றுங்கள், பிள்ளைக்கு இழுப்பு அடங்கும் என்றார். கொட்டகை போடக் கையில் காசில்லை, கடன் வாங்கவும் மனசில்லை. பூண்டை விட்டுவிட்டு உன்னை மாற்றினேன்.

இழுப்பு வந்த ராத்திரிகளில் காட்டுமாடு இறங்கியிருக்கிறது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு காவல் குடிசைக்குப் போய்விடுவேன், ஞாபகமிருக்கிறதா? முக்கால்வாசி நாள் மாடு எதுவும் வரவில்லை. உன் நெஞ்சிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. உங்கம்மாதான் விடிய விடிய உன்னை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பூண்டுப்பால் ஊட்டினாள். புகையும் அந்தப் பூண்டால், மருந்தும் அந்தப் பூண்டு. இதை உங்கம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

இப்போது மூச்சு நன்றாக வருகிறது என்றாயாம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

கீழ்க்காட்டில் தகரக் கொட்டகை போட்டுப் பூண்டு முழுவதையும் அங்கே மாற்றியாயிற்று. பரண் காலி. சுவருக்கு வெள்ளையடித்தேன், கரி இரண்டு கை பூசியும் போகவில்லை. தேருக்கு வந்தாயானால் அந்த அறையில் படுத்துக்கொள்ளலாம். பூண்டு போடாமல் சமைக்க உங்கம்மா பழகிக்கொண்டிருக்கிறாள். ரசம் வாயில் வைக்க வழியில்லை.

தலைக்குக் குல்லா போட்டுக்கொள். ஆற்றில் விடிகாலைக் குளியல் வேண்டாம். சால்வை என்ன நிறம் என்று உங்கம்மாவுக்கு ஒரு வரி எழுது.

அப்பா