நத்தார் சோடனை: இருப்பதைக் கொண்டு வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். இந்த முறை நம் தொடர்மாடியின் கீழ்த்தள மரத்துக்குப் புறக்கோட்டையில் புதிதாக எதுவும் வாங்கப்போவதில்லை. அலுமாரியில் கிடக்கும் பழைய கண்ணாடிக் குண்டுகள், நட்சத்திரங்கள், வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அனுப்பியவை எல்லாம் வரட்டும். பின்னால் வீட்டு இலக்கத்தை ஒட்டிவிடுங்கள், திருப்பித் தருவோம்.

நுவரெலியா பக்கம் போகிறவர்கள் கீழே விழுந்த பைன் காய்களைப் பொறுக்கி வாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றுக்குச் செதில்கள் மூடிக்கொள்ளும், வீசிவிட வேண்டாம். நல்ல வெயிலில் காயவைத்தால் மறுபடி விரியும். மஞ்சாடி விதைச் சரமும் அழகுதான். ஆனால் கறுப்புப் பொட்டு உள்ள குன்றிமணி வேண்டவே வேண்டாம். அது கடும் விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள். கடற்கரைச் சிப்பி சரி, பவளப்பாறைத் துண்டு கூடாது.

பாலன் குடிலுக்கு வைக்கோல் கிடைத்துவிட்டது. பஞ்சைப் பனியாக ஒட்டும் யோசனைக்கு என் ஓட்டு இல்லை (இந்த வியர்வையில் பனியா!). பெரும்பான்மை கேட்டால் சரி.

பொருட்களை 20ஆம் திகதிக்குள் காவலாளி அறைக்குப் பக்கத்துப் பெட்டியில் போடுங்கள். சோடனை ஜனவரி 6, திருக்காட்சித் திருநாள் வரை இருக்கும்.