மீதிச் சில்லறை: அப்பாவுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், பெயர்கூடக் கேட்டுவைக்காமல் விட்டுவிட்ட பலருக்கும்,

வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த எல்லோருக்கும் அன்றைக்கே கைகூப்பி நன்றி சொல்லியிருக்க வேண்டும். பந்தி, பாத்திரம், ஐயருக்குத் தட்சிணை என்று ஓடியதில் யார் வந்தார்கள், யார் சாப்பிடாமல் போனார்கள் என்பதே தெரியவில்லை. அதனால் இந்த மடல். எழுதுவது நான் என்றாலும் அம்மாவும் தம்பியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா நடுநடுவே திருத்தம் சொல்கிறாள்.

அப்பா 31 வருடம் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்தபோது சோழன் போக்குவரத்துக் கழகம். ஓய்வு பெறும்போது அரசுப் போக்குவரத்துக் கழகம், கும்பகோணம். அவருக்குக் கடைசிவரை 'சோழன்'தான். பாதி சர்வீஸ் கும்பகோணம் - தஞ்சாவூர் தடத்திலேயே போயிற்று. தாராசுரம், சுந்தரப்பெருமாள் கோயில், பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோயில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்பக்கம் மீதியை எழுதிக் கொடுப்பது எல்லாக் கண்டக்டரும் செய்வதுதான். இறங்குகிற அவசரத்தில் அதை மறந்துவிடும் பயணிகளும் உண்டு. அப்பா அப்படி யாரையும் விட்டதில்லை. படியில் தொங்கியபடி கூப்பிட்டு, இரண்டு ரூபாயானாலும் கையில் கொடுத்துவிட்டுத்தான் இரட்டை விசில் அடிப்பார். பஸ்ஸில் உள்ளவர்கள் முணுமுணுப்பார்கள். அவருக்குக் கவலையில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மடலே அந்தப் பழக்கத்தால் எழுதப்படுவது.

அவருக்கு வந்தது வாய்ப்புற்று. இடது கன்னத்தின் உள்பக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு வெற்றிலை சீவலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணி வண்டிக்குத் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். ஓய்வு பெற்றதும் புகையிலையை விட்டுவிட்டார். வெறும் வெற்றிலை சீவலில் என்ன இருக்கிறது என்று தொடர்ந்தார். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சொல்லிவிட்டதாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அதற்குள் காலம் போய்விட்டது.

கன்னத்தில் வெள்ளையாக ஒரு புண். முதலில் காட்டிய இடத்தில் பல் உரசி வந்த புண் என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவ ஒரு ஜெல்லும் கொடுத்து மூன்று மாதம் ஓட்டினார்கள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் தம்பிக்கு இன்னும் கோபம் வருகிறது. அப்புறம் போனது அரசு மருத்துவமனையில் பல் மருத்துவம் பார்க்கும் ஒரு சின்ன வயது டாக்டரம்மாவிடம். அவர் விளக்கைக்கூட எடுக்கவில்லை. "உங்க மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு வாய்க்குள்ள விடுங்க ஐயா" என்றார். மூன்றும் போக வேண்டிய இடத்தில் ஒன்றரை விரல்தான் போயிற்று; வாய் அவ்வளவுதான் திறந்தது. அன்றைக்கே சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த அன்று கையோடு கடிதம் எழுதி, "அடையாறு போங்க, நாள் கடத்தாதீங்க" என்று சொன்னார். டாக்டரம்மா, அதற்கப்புறம் அப்பாவுக்குக் கிடைத்த இரண்டு வருடமும் அந்த மூன்று விரல் சோதனையால் கிடைத்ததுதான்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. பாதித் தாடையை எடுத்து, கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, மார்புச் சதையைத் திருப்பிக் கன்னத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். பேச்சு போயிற்று. பிறகு கொஞ்சம் திரும்பியது என்றாலும், அது அம்மாவுக்கு மட்டும் புரிகிற பேச்சு. மற்றவர்களுக்காகத் தம்பி ஒரு 192 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தான். அந்த நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. ஒரு பக்கப் பேச்சு மட்டும் உள்ள நோட்டு. 'ஃபேனைக் குறை.' 'சூடு போதும்.' 'அவன் சாப்பிட்டானா?' 'டாக்டரிடம் சிரித்துப் பேசு, அவரும் மனுஷன்.' நாங்கள் என்ன பதில் சொன்னோம் என்பது எதிலும் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில், 'வாய்க்குள் மீசை முளைக்கிறது'. மார்பில் முடி உள்ளவர்களுக்கு, அந்தத் தோலை உள்ளே வைத்தால் முடி அங்கேயும் வளருமாம். கதிர்வீச்சு தொடங்கும்வரை ஆளுக்கு ஆள் அதைக் காட்டி, வந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காரியம் முடிந்த பிறகுதான் திருப்பிப் பார்த்தோம். மேலே 'மீதி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கணக்கு.

முதல் வரி: 'முத்துலட்சுமி ரெட்டி அம்மா. ஆள் இல்லை.' இரண்டாவது: 'சாந்தா அம்மா. 2021ல் போய்விட்டார்.' அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காத்திருந்த நாட்களில் அவர் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட கதை அது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை. டாக்டர் சாந்தா அடுத்த வருடம் வந்து சேர்ந்து, வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்துவிட்டார். அப்பா அவர்கள் இருவரையும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் கணக்கில் அதுவும் திருப்பித் தர வேண்டிய மீதி.

மூன்றாவது வரி: 'ரத்தம், மூன்று பையன்கள். பெயர் கேட்கவில்லை. தப்பு.' தம்பிகளே, நீங்கள் காலேஜ் பையோடு வந்து, கொடுத்துவிட்டு, ஜூஸ்கூட வேண்டாம் என்று பஸ்ஸுக்கு ஓடினீர்கள். பெயர் கேட்காதது எங்கள் தப்பு. அப்பா அதை எழுதியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

'வேளச்சேரி, 47 நாள் சாப்பாடு, இரண்டு பேர்.' சின்னம்மா, உங்களுக்குத்தான். 33 நாள் கதிர்வீச்சு, சனி ஞாயிறு விடுமுறை, நடுவில் மெஷின் பழுது என்று அது இழுத்துக்கொண்டு போனபோது ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை நீங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து வாயெல்லாம் புண். மோர்கூட எரியும். மிளகாய் இல்லாமல், புளி இல்லாமல், பருப்பையும் சாதத்தையும் மிக்ஸியில் இரண்டு தடவை ஓட்டி நீங்கள் கொடுத்ததைத்தான் அவர் விழுங்கினார். வீட்டில் எல்லோருக்கும் அதே மிளகாய் இல்லாத சமையல்தான் என்று பிறகுதான் அம்மா சொன்னாள்.

'மாஸ்க் போடும் பெண்.' இதற்கு நேரே தொகை இல்லை. 'முடிஞ்சிருச்சுப்பா' என்று மட்டும் எழுதியிருக்கிறார். கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை அசையாமலிருக்க, முகத்தின் அச்சிலேயே செய்த வலை முகமூடியை மாட்டி மேஜையோடு பூட்டிவிடுவார்கள். அப்பாவுக்கு அது மூச்சு முட்டும். ஒவ்வொரு நாளும் பூட்டைத் திறந்தவுடன் அந்தப் பெண் சொன்ன வார்த்தை அது. அந்த முகமூடியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பரணில் இருக்கிறது. அம்மா தொட விடமாட்டாள்.

பக்கத்துக் கட்டில் அண்ணனின் மனைவிக்கும் ஒரு வரி உண்டு. ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம், துணைக்கு வருகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி என்பதைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டிய சான்றிதழுக்கு அலைந்து வழிகாட்டியவர் அவர்தான். பரிசோதனைக்குப் போன ஒவ்வொரு முறையும் உழவன் எக்ஸ்பிரஸில் அப்பா அந்தச் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். 31 வருடம் டிக்கெட் போட்டவருக்கு ஓசிப் பயணம்!

பட்டியலில் அதிக இடம் டிரைவர் மாமாவுக்கு. அப்பாவோடு ஒன்பது வருடம் ஒரே வண்டியில் ஓடியவர். '5,000. வாங்க மாட்டேன் என்கிறார். மறுபடி கேட்க வேண்டும்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு அப்பா பழைய விசிலை எடுத்து ஊதப் பார்த்தார். காற்று உதட்டோரம் ஒழுகிப் போயிற்று. மாமா எதுவும் பேசாமல் எழுந்து போய், ஒரு சைக்கிள் பெல் வாங்கிவந்து கட்டில் கம்பியில் முடுக்கினார். ஒரு பெல் அடித்தால் வர வேண்டும். இரண்டு அடித்தால் ஒன்றுமில்லை, போகலாம். பஸ் கணக்குதான். நடுராத்திரி ஒரு பெல் கேட்டு அம்மா எழுந்து ஓடினால், போய்ச் சேருவதற்குள் இரண்டு பெல் கேட்கும். "சும்மா முழிச்சிருக்கேனான்னு பார்க்குறார்" என்று திட்டிக்கொண்டே வந்து படுப்பாள்.

பதினான்கு மாதம் நன்றாக இருந்தார். இட்லியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். டீக்கடை வரை நடந்தார். அப்புறம் கழுத்தில் கட்டி.

இந்தத் தடவை குணமாக்க முடியாது என்பதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். சிகிச்சை பார்த்த டாக்டர் ஐயா, ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு நேரே உட்கார்ந்தார். அப்பா முந்திக்கொண்டு நோட்டை நீட்டினார்: 'எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை ஸ்டாப்பிங்?' டாக்டர் எண் எதுவும் சொல்லவில்லை. "வலி இல்லாம பாத்துக்கலாம் ஐயா, அது எங்க பொறுப்பு" என்றார். பொய் சொல்லாததற்கும், சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கும் நன்றி ஐயா.

காப்பாற்றியது என்றால், எங்கள் ஊரில் அதைச் செய்தவர் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ் அக்கா. மார்ஃபின் மாத்திரை என்றதும் சொந்தத்தில் ஒருவர், பழகிவிடும், ஆள் போதையிலேயே கிடப்பான் என்று கிளப்பிவிட்டார். அக்கா அம்மாவை உட்காரவைத்து விளக்கினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னால். படுக்கும்போது இரண்டு மடங்கு, அப்போதுதான் நடுவில் எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்குக் கூடவே இன்னொரு மாத்திரை, அதை மட்டும் மறக்கக் கூடாது. முதல் இரவு அப்பா ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். அம்மா மூக்கின் கீழ் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே விடியவிட்டாள்.

அம்மா இங்கே ஒன்று எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே: "கழுத்துக் கட்டி உடைஞ்சு நாத்தம் வந்தப்ப எனக்கே உள்ள போக மனசு தயங்குச்சு. அதைச் சொல்ல வெட்கமா இருக்கு. அந்தப் பொண்ணுதான் மெட்ரோனிடசோல் மாத்திரையப் பொடி பண்ணிப் புண்ணுல தூவக் கத்துக்குடுத்துச்சு. நாலு நாள்ல நாத்தம் குறைஞ்சுது. அதுக்கப்புறம் எம் புருஷன் பக்கத்துல உட்கார்ந்துதான் நான் சாப்பிட்டேன்."

மேலவீட்டு அத்தை, அந்த நாலு நாளும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகாமல் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர் நீங்கள் ஒருவர்தான். ராகிக் கஞ்சியைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மூக்குக் குழாயில் 50 மில்லி சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து அது தானாக இறங்கும்வரை கை வலிக்க நின்றதும் நீங்கள்தான். மாரியம்மன் கோயில் விழாக் குழு இளைஞர்களுக்கும் நன்றி. ஆடித் திருவிழாவில் எங்கள் தெருவுக்கான ஸ்பீக்கரை, நாங்கள் கேட்காமலேயே கழற்றிக் கடைத்தெருவில் கட்டினீர்கள். அப்பாவுக்குத் தனி டம்ளர் வைத்த வீடுகளைப் பற்றி எழுதாதே என்கிறாள் அம்மா. சரி, எழுதவில்லை.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை, சரியாக முதல் வண்டி கிளம்புகிற நேரத்தில், போனார். வலி இல்லை. டிப்போவிலிருந்து காக்கி உடுப்போடு, தோளில் பணப்பையோடு டியூட்டி நடுவில் வந்து நின்ற எல்லோரையும் நாங்கள் பார்த்தோம். பேச முடியவில்லை, அவ்வளவுதான்.

பட்டியலை முழுக்கப் படித்துக் காட்டியபோது அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அம்புட்டுப் பேர் இருக்கு, எம் பேரு இல்லையே." தம்பிதான் சொன்னான்: "ஸ்டாஃபுக்கு ஏதும்மா டிக்கெட்?" காரியத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு, உள்ளே போய் ரொம்ப நேரம் வரவில்லை.

டிரைவர் மாமா, அந்த 5,000த்தை உங்கள் வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டோம். எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள், அப்பாவிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வரி நர்ஸ் அக்காவுடையது: 'பூவன் தார் ஒன்று.' கொல்லையில் அப்பா வைத்த கன்று அது. போன வாரம் பூ தள்ளியிருக்கிறது. தாரை அறுத்ததும் தம்பி சைக்கிளில் கொண்டுவருவான். அரசாங்க வேலை, எதுவும் வாங்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள் அக்கா. ஒரு சீப்பாவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு நேரே டிக் போட வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா, தம்பி, நான்
கும்பகோணம்