கஞ்சித் தூக்குவாளியோடு யாரும் ஊர் சுற்றுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு இன்றுதான் பேனாவை எடுத்தேன். 2021 மே மாதக் கடைசியில், கொரோனாவுக்காகத் தளர்வு இல்லாத முழு ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது, உங்கள் இதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. நடுரோட்டில் மூன்று ஆண்கள் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுகிறார்கள். கீழே "ஊரடங்கை மதிக்காமல் சைக்கிளில் ஊர் சுற்றியவர்களுக்கு நூதன தண்டனை" என்று போட்டிருந்தீர்கள்.

அந்தப் படத்தின் ஓரத்தில் முன்கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிள் நிற்கிறது. இரண்டு டயரும் தரையோடு படிந்து கிடக்கின்றன. அது எங்கள் வீட்டு சைக்கிள். என் மகள் பதினோராம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அவள் கல்லூரிக்குப் போன பிறகு நான் ஓட்டுகிறேன். படம் எடுத்தபோது நான் பத்தடி தள்ளிப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பெண் என்பதால் எனக்குத் தோப்புக்கரணம் இல்லை, காற்றை மட்டும் பிடுங்கி விட்டார்கள்.

படத்தில் நடுவில் இருப்பவரை மறுபடி ஒருமுறை பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர். இறால் பண்ணையில் பகல் காவலுக்குப் போகிறவர். ஊரடங்கு என்பதற்காக இறாலுக்குத் தீவனம் போடாமலோ, குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் காற்றாடியை ஓட்டாமலோ இருக்க முடியாது என்பது இந்தக் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு தூக்குவாளி தொங்கியது. உள்ளே கஞ்சி, மூடியில் ஒரு துண்டு சுட்ட கருவாடு. "எண்ணிக்கிட்டே போடுய்யா" என்றார்கள். பதினேழு வரை சத்தமாக எண்ணினார். அதற்கு மேல் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊர் சுற்றப் போகிறவர் கஞ்சி கட்டிக்கொண்டா போவார்? உங்கள் நிருபர் அந்தத் தூக்குவாளியைப் பார்த்திருந்தால், இல்லை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த வரி வேறு மாதிரி வந்திருக்கும். அவருடைய பேத்தி அந்தப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு அழுதாளாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 52, ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. முழங்கால் தேய்மானம் இருப்பதால் வேகமாக நடக்க முடியாது. டாக்டர்தான் "சைக்கிள் ஓட்டும்மா, முட்டிக்கு பாரம் இல்லை" என்றார். காலை ஐந்தரைக்கு எடுத்தால் கடற்கரைச் சாலையில் நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பி ஆறரைக்குள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். வழியில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு பக்கம் கருவேலங்காடு, மறுபக்கம் கடல். 2020 மார்ச்சில் முதல் ஊரடங்கு வந்தபோது, அரசு சொன்னதைக் கேட்டு மூன்று மாதம் வாசலைத் தாண்டவில்லை. அந்த மூன்று மாதத்தில் சர்க்கரையின் மூன்று மாத சராசரி 7.2-லிருந்து 9.1-க்கு ஏறியது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் கடுமையாகும் என்று உங்கள் இதழிலேயே எத்தனை முறை எழுதினீர்கள்? அதைப் படித்துத்தான் இந்தத் தடவை முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

சோதனைச் சாவடியில் அந்தக் காவலர் என் மகன் வயதுதான் இருப்பார். "ஏம்மா, இந்த வயசுல உனக்கு சைக்கிள் கேக்குதா? வீட்ல கெடக்க மாட்டியா?" என்றார். மருந்துச் சீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. குனிந்து வால்வைத் திருகினார், முன் டயர், அப்புறம் பின் டயர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். காற்றடிக்கலாம் என்றால் சைக்கிள் கடையும் ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. தளர்வு வந்து கடை திறக்கும் வரை அது வராந்தாவில் சாய்ந்தே நின்றது. காற்றில்லாமல் தள்ளியதில் பின் டியூப் கிழிந்துவிட்டது, அதற்கு வேறு செலவு.

"இந்த வயசுல" என்று அவர் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சேர்த்து எங்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அத்தனை பேருக்கும் லேடீஸ் சைக்கிள் ஏது? ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளில்தான் கற்றோம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. விழுந்த தழும்பு இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது. பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அந்த சைக்கிளையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனோம். அன்று ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி லாரியை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முப்பது வருஷம் கழித்து அதே போலீஸ் உடுப்பு என் சைக்கிளின் காற்றைப் பிடுங்குகிறது.

ஊரடங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேரைக் கொரோனாவுக்குக் கொடுத்திருக்கிறோம். வெயிலில் நின்று வேலை பார்க்கும் காவலர்களின் கஷ்டமும் தெரியும். ஆனால் தண்டனை கொடுக்க அவர்கள் யார்? ஊரடங்கை மீறியவர்கள் மேல் போட்டது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 188-வது பிரிவு. அதில் தண்டனையைக் கோர்ட்தான் தர வேண்டும், சிறையோ அபராதமோ. தோப்புக்கரணம் எந்தப் பிரிவில் இருக்கிறது? போன ஊரடங்கில் போட்ட சுமார் பத்து லட்சம் வழக்குகளை வாபஸ் வாங்குவதாக 2021 பிப்ரவரியில் அரசே அறிவித்தது. வழக்கை வாபஸ் வாங்கலாம். ரோட்டில் பேரன் பேத்தி பார்க்கப் போட்ட தோப்புக்கரணத்தை யார் வாபஸ் வாங்குவது? கடை நேரம் தாண்டித் திறந்திருந்தது என்று சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்து வைத்த ஒரு தகப்பனும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது நடந்தது 2020 ஜூனில்.

இதற்கிடையில் தளர்வு வந்தது. 2021 ஜூன் 14 முதல் நம் மாவட்டத்திலும் பூங்காக்களில் காலை 6 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்கு அனுமதி கொடுத்தார்கள். நல்லது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை இந்தக் கடற்கரைக் கிராமங்களில் எந்த ஊரில் பூங்கா இருக்கிறது? அதே தேதியில்தான் மதுக்கடையும் காலை பத்துக்குத் திறந்தது. அந்த வரிசையை ஒழுங்குபடுத்த மூங்கில் தட்டி கட்டி, வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பிரான்சிலும் இப்படித்தான் நடந்ததாம், என் மகள் தேடி எடுத்துக் கொடுத்தாள். சைக்கிளில் போனவர்களைப் போலீசார் மறித்து அபராதம் போட, சைக்கிள் ஓட்டுகிறவர்களின் அமைப்பு வழக்குப் போட்டது. அனுமதித்த காரணங்களுக்குச் சைக்கிளிலும் போகலாம் என்பதை அரசு எல்லோருக்கும் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று 2020 ஏப்ரல் 30-ல் அந்த நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது. இங்கிலாந்தில் தினம் ஒருமுறை நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அங்கே செத்தவர்கள் நம்மைவிடக் குறைவா? அப்படியும் ஒரு மனிதனுக்குக் கை கால் அசைய வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

ஜூன் 3 உலக மிதிவண்டி தினம் என்று நீங்கள் போட்ட பெட்டிச் செய்தியையும் படித்தேன். தினமும் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் இதயத்துக்கு நல்லது என்று இருந்தது. அன்று என் சைக்கிள் காற்றில்லாமல் நின்றுகொண்டிருந்தது. முப்பது வருஷமாக உங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், மனசு விட்டுப்போயிற்று.

நான் கேட்பது இரண்டுதான். "நூதன தண்டனை" என்ற வார்த்தையை இனி உங்கள் இதழில் போடாதீர்கள், அப்படி நிற்கிறவர்களின் முகத்தையும் போடாதீர்கள். அடுத்தது, காலையில் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாகச் சைக்கிள் ஓட்டலாமா கூடாதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் உங்கள் நிருபரை விட்டுக் கேட்டு, பதிலை அதே மாவட்டப் பக்கத்தில் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொள்வேன்.

என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். அந்தச் சோதனைச் சாவடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ரேஷன் கடைக்குப் போக வேண்டுமென்றாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இராமநாதபுரம் மாவட்டம்.