சிவப்பைத் தேடாதீர்கள்: மெடிக்கல் எய்ட் மருந்துக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டில் எந்த மருந்துக்குப் பணம் தரலாம் என்று முடிவுசெய்யும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வகை வேண்டும் என்று டாக்டர்கள் அனுப்பும் விண்ணப்பங்களை, 'ஒட்டிய இடத்தின் படத்தில் சிவப்பு தெரியவில்லை' என்ற ஒற்றை வரியோடு இந்தக் கோடையிலும் திருப்பிவிட்டீர்கள். தென்னாப்பிரிக்க டர்பனில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருப்பவர்களின் தோல் என்ன நிறம் என்று நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கறுத்த தோலில் அழற்சி பளிச்சென்று சிவந்து காட்டாது. பேட்சை உரித்த இடம் ஊதாவாகவோ சாம்பல் பூத்த பழுப்பாகவோ இருக்கும். விரலால் தடவினால் மேடு தட்டும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும். அரிப்பு அடங்கிய பிறகும் பேட்சின் அதே வடிவத்தில் கறுப்புத் தடம் நிற்கும். வாரத்துக்கு 2 பேட்ச் என்றால் மாதத்தில் 8, 9 தடங்கள், அடிவயிறு முழுக்க முத்திரை குத்தியதுபோல. மறைய மாதக்கணக்காகும். சிவப்புதான் வேண்டுமென்றால் குங்குமம் தடவிப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம்.

படிவத்திலிருந்து அந்தச் 'சிவப்பு' கட்டத்தை எடுத்துவிடுங்கள். அரிப்பு எத்தனை நாள், கொப்புளம் உண்டா, தடிப்பு பேட்சின் விளிம்போடு நிற்கிறதா என்று கேளுங்கள். விளிம்போடு நின்று சில நாளில் அடங்கினால் பெரும்பாலும் வெறும் எரிச்சல். இடம் மாற்றி ஒட்டிச் சமாளிக்கலாம். விளிம்பைத் தாண்டிப் பரவி, அடுத்தடுத்த பேட்சுக்குக் கூடிக்கொண்டே போனால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் பசைதான் காரணம். அபூர்வமாக பேட்சில் உள்ள ஹார்மோனான எஸ்ட்ராடியோலே காரணமாகும், அப்போது அதே ஹார்மோன் உள்ள, தோலில் தடவும் ஜெல்லும் உதவாது. இதைப் பிரித்துச் சொல்வது தோல் டாக்டரின் ஒட்டுச் சோதனை, உங்கள் படிவம் அல்ல.

'சரியாக ஒட்டியிருக்க மாட்டார்கள்' என்பது உங்கள் இன்னொரு பதில். கழுவி, ஈரம் போகத் துடைத்து, பவுடர் போடாமல், அடிவயிற்றிலோ பிட்டத்திலோ 10 விநாடி அழுத்த வேண்டும், ஒரு வாரத்துக்கு அதே இடத்துக்குத் திரும்பக்கூடாது என்பதெல்லாம் எங்கள் பெண்களுக்குத் தெரியும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பில் பேட்ச் பிடிக்காது, பாவாடை நாடா உரசும் இடுப்பில் நிற்காது என்பதை மட்டும் உங்கள் கையேட்டில் காணோம். தைப்பூசக் காலத்து டர்பன் புழுக்கத்தில் பேட்சுக்கு அடியில் வியர்வை தேங்கினால் எந்தத் தோலும் ஊறிப்போகும்.

50 மைக்ரோகிராம் பேட்ச் எல்லாம் ஒன்றுதான் என்று மலிவானதற்கு மாற்றுகிறீர்கள். அளவு ஒன்று, பசை வேறு. ஆல்கஹால் கலந்த ஜெல் பை உள்ள பழைய வகை, மருந்தைப் பசையிலேயே கலந்த வகையைவிட அதிகம் எரிக்கும். 'மாத்திரை போடட்டும்' என்பீர்கள். மாத்திரை கல்லீரல் வழியாகப் போய் ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும் என்பதால்தானே பலருக்கு டாக்டர் பேட்ச் எழுதினார்?

கோபத்தில் சில சொற்கள் தடித்துவிட்டன, பொறுத்தருளுங்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, திருப்பிய விண்ணப்பங்களை மறுபடி பார்க்குமாறு பணிவோடு கேட்கிறோம்.

இப்படிக்கு,
டர்பன் மருந்தாளுநர்கள் சிலர்