உழைப்பையும் பங்குத் தொகையாக எடுத்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நமக்கு நாமே திட்டத்தைப் பாராட்டி உங்கள் வாசகர் பகுதியில் அடிக்கடி கடிதம் வருகிறது. நல்ல திட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பணம் கட்டி வேலையை முடித்துக்கொண்ட வசதியான குடியிருப்புக்காரர்கள். கட்ட முடியாமல் நின்றுபோன தெருவிலிருந்தும் ஒரு கடிதம் வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். தெருவுக்கு ஒரு பூங்கா, பள்ளிக்கு ஒரு வகுப்பறை என்று ஏதாவது வேண்டுமென்றால் எஸ்டிமேட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு போடும். 1997-98-ல் கலைஞர் ஆட்சியில் வந்தது, 2011-ல் ஆட்சி மாறியதும் தன்னிறைவுத் திட்டம் ஆனது, மறுபடி ஆட்சி மாறியதும் பழைய பெயருக்கே திரும்பி, 2021 டிசம்பரில் நகர்ப்புறங்களுக்கென்று சேலத்தில் தொடங்கிவைத்தார்கள். அந்த நிதியாண்டுக்கு நகர்ப்புறத்துக்கு மட்டும் 300 கோடி ரூபாய். பெயரை மாற்றக் காட்டிய அக்கறையில் பாதியையாவது, அந்த மூன்றில் ஒரு பங்கு யார் வீட்டிலிருந்து வரும் என்பதில் காட்டியிருக்கலாம்.

எங்கள் தெரு முனையில் பூங்காவுக்கென்று லே-அவுட்டில் விட்ட முக்கோண மனை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் சீமைக்கருவேலம், ஒரு பக்கம் வீடு இடித்த கட்டடக் கழிவு, நடுவில் யாரோ கொண்டுவந்து போட்ட கிழிந்த மெத்தை. மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லை, கொசு எங்கள் வீடுகளுக்குத்தான் வருகிறது. மண் அடித்து, கம்பி வேலி போட்டு, நடைபாதையும் நாலு பெஞ்சும் விளக்கும் வைக்க 9 லட்சம் ஆகும் என்று எஸ்டிமேட் வந்தது. எங்கள் பங்கு 3 லட்சம், அதுவும் டிடியாக. நலச்சங்கத்தில் பேசிப் பார்த்தோம். பாதி வீடு வாடகைக்காரர்கள், அவர்களைக் கேட்பது நியாயமும் இல்லை. மீதிப் பேர் கொத்தனார், பெயிண்டர், கம்பி கட்டுகிறவர், எலக்ட்ரீஷியன், ரெண்டு பேர் ஆட்டோ. ஆளுக்கு ஐயாயிரம் என்றதும் கூட்டம் அமைதியாகிவிட்டது.

அப்புறம் ஒரு மேஸ்திரி எழுந்து, "பணம்தானே இல்லை, வேலைக்கு நாங்க இருக்கோமே சார், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து கட்டிக் கொடுத்துடறோம்" என்றார். வேலி, நடைபாதை, பெஞ்சுக்கு அடித்தளம், பெயிண்ட், ஒயரிங் எல்லாவற்றுக்கும் ஆள் தெருவிலேயே இருக்கிறது. இன்றைக்குக் கொத்தனார் கூலி என்ன என்பது எல்லாருக்கும் தெரியும், நாள்கணக்குப் போட்டால் 3 லட்சத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். இதை நகராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சொன்னோம். "உழைப்பெல்லாம் கணக்கில் வராதுங்க, டிடி எடுத்துட்டு வாங்க" என்றுதான் பதில். அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் இருந்த தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

ரெண்டு தெரு தள்ளி இருக்கும் குடியிருப்பில் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டு ஒரே மாலையில் பணம் சேர்த்துவிட்டார்கள். ஏற்கெனவே நன்றாக இருந்த தெருவில் பேவர் பிளாக் வந்தது. அவர்கள் பணம், அவர்கள் தெரு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் போட்ட ஒரு ரூபாய்க்கு அரசு போட்ட இரண்டு ரூபாய் எல்லாருடைய வரிப்பணமும்தானே? ஏற்கெனவே வசதி உள்ள தெருவுக்கு அது போய்ச் சேருகிறது, மெத்தை கிடக்கும் மனை அப்படியே கிடக்கிறது.

உழைப்பைப் பங்காக ஏற்பது புதிதும் இல்லை. 2017-ல் தொடங்கிய குடிமராமத்து வேலைகளில், அதாவது ஏரி, கால்வாய்களைச் சீர்செய்யும் வேலைகளில், அந்தத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்று இல்லை, பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். ஏரிக்கரையில் செல்லுபடியானது நகராட்சி எல்லைக்குள் ஏன் செல்லாது? அமெரிக்காவில் சியாட்டில் நகராட்சி 1988-லேயே இப்படி ஒரு நிதியை உருவாக்கியது. அங்கே மக்கள் தங்கள் பங்கைப் பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம், தன்னார்வ உழைப்பு என்றால் மணிக்கு இவ்வளவு என்று மதிப்புப் போட்டு வரவு வைப்பார்கள். பாலத்துக்கு அடியில் குப்பை சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் கையில் ஒரு காரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெரிய பூதம் சிலை அந்த நிதியின் உதவியோடு வந்ததுதான். பூதம் எல்லாம் எங்களுக்கு வேண்டாம், பெஞ்சு போதும்.

உழைப்பு என்றால் பொய்க்கணக்கு எழுதுவார்கள் என்று ஒரு பயம் இருக்கும். நூறு நாள் வேலையில் வெட்டிய மண்ணை டேப் பிடித்து அளந்து கூலி போட்டவர்கள்தானே நாம்? அரை அடி உயரச் சுவரையும் இருபது மீட்டர் வேலியையும் அளப்பதா கஷ்டம்? ஒப்பந்ததாரர் வேலையை அளந்து எழுதும் அதே எம் புக் என்ற அளவுப் புத்தகத்தில் எங்கள் வேலையையும் எழுதட்டும். தரம் சரியில்லை என்றால் வரவு வைக்க வேண்டாம். சொல்லப்போனால், தினமும் அந்த வழியாகவே போய் வருகிற மேஸ்திரி சிமெண்டைக் குறைத்துக் கலக்க மாட்டார்.

இன்னொன்று, எந்த வேலை முதலில் என்பதைப் பணம் முதலில் கொண்டுவந்தவர் முடிவு செய்யக் கூடாது. 2022 நவம்பர் 1 அன்று வார்டு மக்கள் கூடித் தேவைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்கள் முதன்முதலாக நடந்தபோது பெரிதாகப் பேசினார்கள். எங்கள் வார்டில் அந்தக் கூட்டம் எப்போது நடக்கிறது என்பதே நடந்து முடிந்த பிறகு போட்டோ பார்த்துத்தான் தெரிகிறது. முன்கூட்டியே தேதி சொல்லி, தெருவாரியாகத் தேவையை அங்கே பட்டியல் போட்டு, வசதி குறைந்த பகுதிக்கு மக்கள் பங்கைக் குறைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நகராட்சியிலும் இந்தத் திட்டத்தில் எந்த வார்டில், எந்தத் தெருவுக்கு, எவ்வளவு பணம் போனது என்ற பட்டியலை உங்கள் நிருபர்கள் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். நாங்கள் கேட்டால் நாளை வாருங்கள் என்கிறார்கள், பத்திரிகை கேட்டால் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொருளாளர்