சிறுநீரகம் தரும் பெற்றோரின் மரபணுவையும் பாருங்கள்

தமிழ்நாட்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும், தானத்துக்கு அனுமதி வழங்கும் குழுவினருக்கும் வணக்கம்.

என் மகனுக்கு ஆறு வயதில் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. நான்காம் நாள் சிறுநீர் பால் சேர்க்காத டிகாஷன் நிறத்தில் போயிற்று. தட்டணுக்கள் குறைந்திருந்ததால் முதலில் டெங்கு என்றார்கள். முகம் வீங்கி, ரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவு ஏறிய பிறகுதான், சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் கெடும் எச்.யு.எஸ். என்ற நோயின் பெயர் எங்கள் காதில் விழுந்தது. சிறுநீரகங்கள் மீளவில்லை. இரண்டு ஆண்டு டயாலிசிஸுக்குப் பின், என் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தோம்.

நான் அவனுடைய தாய் என்பதை நிரூபிக்க ரேஷன் கார்டு, ஆதார், பிறப்புச் சான்றிதழ், குடும்பப் புகைப்படம் வரை கேட்டு வாங்கினார்கள். சட்டம் கேட்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவனுடைய சிறுநீரகம் ஏன் கெட்டது, அந்தக் காரணம் என் உடலிலும் இருக்கிறதா என்று அந்த மருத்துவமனையில் ஒருவரும் கேட்கவில்லை. எதற்கும் இன்னொருவரிடம் காட்டிவிடுவோம் என்று போனபோது, அந்த மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டி, முதல் வாரத்து அறிக்கையில் சி3 என்னும் காம்ப்ளிமென்ட் புரதத்துக்கு எதிரே 'குறைவு' என்று அச்சாகியிருந்த வரியில் விரலை வைத்தார். ஃபேக்டர் எச் என்னும் புரதத்துக்கான மரபணுவில் அவனுக்குப் பிழை இருப்பது அதற்குப் பிறகு செய்த பரிசோதனையில் தெரிந்தது. அதே பிழை எனக்கும் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு அப்போது தேதி குறித்தாயிற்று.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். கிருமிகளைத் தாக்க ரத்தத்தில் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் நம் செல்களையே தாக்கிவிடாமல் தடுப்பது ஃபேக்டர் எச். அது குறைந்தாலோ பழுதானாலோ சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உட்புறம் புண்ணாகி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கின்றன. ஃபேக்டர் எச் பெரும்பாலும் கல்லீரலில் உற்பத்தியாவதால், சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் குறை அப்படியே இருக்கும். தடுப்பு மருந்து இல்லாவிட்டால் புதிய சிறுநீரகத்தையும் அந்நோய் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அதேபோல் செல்களைக் காக்கும் எம்.சி.பி. என்னும் இன்னொரு புரதத்தில் மட்டும் பிழை இருந்தால் நிலைமை வேறு. அது சிறுநீரகச் செல்களின் மேலேயே இருப்பதால், நல்ல சிறுநீரகம் கிடைத்தவர்களுக்கு நோய் திரும்புவது அரிது. இந்தியாவில் காம்ப்ளிமென்ட் கோளாறால் எச்.யு.எஸ். வரும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஃபேக்டர் எச்சுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்தான் காரணம். அவர்களில் பெரும்பாலோருக்கு ஃபேக்டர் எச் மரபணுவின் அண்டை மரபணுக்கள் இரண்டு பிறவியிலேயே இருப்பதில்லை. பிளாஸ்மா மாற்றத்தாலும் மருந்துகளாலும் அந்த எதிர்ப்பொருளைக் குறைக்கலாம், அதுவும் சீக்கிரம் தொடங்கினால்.

என்னைப் போல் பிழையைச் சுமப்பவர்கள் பலர் நோயின்றியே வாழ்கிறார்கள். ஆனால் தானம் கொடுத்தபின் அதே நோய்க்கு ஆளான பெற்றோரும் உண்டு. நாங்கள் எவ்வளவு அருகில் போய்விட்டோம் என்பதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். எச்.யு.எஸ். நோயால் சிறுநீரகம் இழந்த குழந்தைக்கு மாற்றுச் சிகிச்சைக்கான தேதி குறிக்கும் முன், காம்ப்ளிமென்ட் மரபணுக்களையும் ஃபேக்டர் எச் எதிர்ப்பொருளையும் கட்டாயம் பாருங்கள். பிழை தெரிந்தால் தானம் தர வரும் ரத்த உறவினரையும் அதற்காகச் சோதியுங்கள். சி3 இயல்பாக இருக்கிறது என்பதை வைத்து நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் பிழை உள்ள பலருக்கும் அது இயல்பாகவே இருக்கும். உறவுச் சான்றுகளுக்கான படிவத்தோடு இந்த முடிவுகளுக்கும் ஒரு பக்கம் சேருங்கள். அந்தச் செலவை அரசின் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கும்படி நீங்கள் பரிந்துரைத்தால், நாங்கள் கேட்பதைவிட அது சீக்கிரம் நடக்கும்.

2011இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற எகுலிசுமாப் என்னும் மருந்தைத் துணையாகக் கொண்டால் மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்க முடிகிறது. அதன் விலை எங்கள் குடும்பத்துக்கு எட்டாதது. என் மகன் இப்போதும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறான்.

இப்படிக்கு,
அவனுடைய தாய்