முறைப்பாடு: ஐஸ் தளம் கெட்டதற்குக் கடல் காரணமல்ல

கொழும்பு 06

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,
பிரதி: பயணத்தை எங்களுக்கு விற்ற கொழும்பு முகவருக்கு

விடயம்: சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலில் ஐஸ் ஸ்கேட்டிங் சேவையின் குறைபாடுகளும் பணத்தைத் திருப்பித் தருதலும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

எங்கள் மின்னஞ்சலுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. ஸ்கேட்டிங் நேரங்கள் ரத்தானதற்கும் தளத்தில் தண்ணீர் நின்றதற்கும் கடல் நிலைமையே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விளக்கத்தை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது. எங்கள் குழுவில் வெளிநாடுகளில் பல வருடங்கள் ஸ்கேட்டிங் பழகியவர்கள் இருக்கிறார்கள்; குளிரூட்டல் இயந்திரங்களோடு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் கண்டவை அத்தனையும் பராமரிப்புக் குறைகள். கப்பல் துறைமுகத்தில் அசையாமல் கட்டிக் கிடந்திருந்தாலும் அவை அப்படியேதான் இருந்திருக்கும்.

கடல் கொந்தளித்தால் தளத்தை மூடத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. ஆனால் காலை நேரம் ரத்தான அன்று மேல்தளத்து நீச்சல் தடாகம் விளிம்பு வரை நிரம்பி, பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் உருளத் தொடங்கினால் தடாகத்து நீர்தான் முதலில் அலைபாய்ந்து வெளியே கொட்டும். உடனே வலை கட்டுவார்கள் அல்லது நீரை இறக்கிவிடுவார்கள். அன்று இரண்டும் நடக்கவில்லை. அன்றிரவே அதே ஐஸில் உங்கள் கலைஞர்கள் துள்ளிச் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கி முழு நிகழ்ச்சியும் நடத்தினார்கள். சப்பாத்தின் அடியிலுள்ள 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளேட்டில் ஒருவர் ஓடிவந்து இறங்குமளவுக்குத் தளம் நிலையாக இருந்ததென்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு நகரும் புதியவர்களுக்கு அது எப்படி ஆபத்தாகும்? தளத்தைக் கப்பலின் கீழ் அடுக்கில், நீளத்தின் நடுப்பகுதியில் அமைத்திருப்பதே அங்கு ஆட்டம் மிகக் குறைவு என்பதால்தான். வேறொரு நிறுவனத்தின் வோயேஜர் ஒஃப் த சீஸ் கப்பலில் 1999 ஆம் ஆண்டிலேயே கடலில் முதல் ஐஸ் தளம் வந்துவிட்டது. இது பரீட்சார்த்த நிலையில் உள்ள தொழில்நுட்பம் அல்ல.

இனித் தண்ணீர் விடயத்துக்கு வருகிறோம். இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் பதிலில் மிகத் தவறான பகுதி இதுதான். ஐஸின் மேற்பரப்பு ஏறத்தாழ -4 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே குழாய்களில் உறையாத குளிர்திரவம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இயந்திரம் ஒழுங்காக ஓடினாலும் மண்டபக் காற்று ஈரமாக இருந்தால் ஐஸ் கெட்டுப்போகும். சிங்கப்பூர்க் கடற்பகுதியில் வெளிக்காற்றின் பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஆண்டு முழுவதும் 24 பாகைக்குக் கிட்டத்தான் இருக்கிறது. குளிரூட்டிய நடைபாதைக் காற்று அதைவிட உலர்ந்தது என்றாலும், -4 பாகையில் இருக்கிற ஐஸுக்கு அதுவும் ஈரக்காற்றுத்தான். அந்தக் காற்று உள்ளே வந்தால் அதன் ஈரம் ஐஸில் படியும். ஒரு கிலோ நீராவி அப்படிப் படிந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 2,500 கிலோயூல். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோயூல் போதும். அதாவது உள்ளே புகுகிற ஒவ்வொரு கிலோ நீராவியும் ஏழு கிலோ ஐஸை உருக்கவல்லது. தரையோடு ஒட்டி நின்ற வெண்புகாரை எங்களோடு வந்த பிள்ளைகள் ரசித்தார்கள். தெரிந்தவர்களுக்கு அது, ஈரம் அகற்றும் இயந்திரம் நின்றுபோயிருக்கிறது அல்லது கதவு திறந்து கிடக்கிறது என்பதற்கான அறிகுறி.

கதவு திறந்துதான் கிடந்தது. நடைபாதையிலிருந்து தளத்துக்கு இரண்டு கதவுகள், நடுவே சிறு இடைவெளி. ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள். சப்பாத்துகள் ஏற்றிய தள்ளுவண்டியை உள்கதவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். வெளிக்கதவை ஆட்கள் வந்துபோக வசதியாகக் கொக்கியில் மாட்டிவிட்டிருந்தார்கள். மேலே விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டங்களில் ஈரம் கோத்துச் சொட்டியது. சொட்டிய இடங்களில் துளிகள் உறைந்து, விரல் நுனியளவு புடைப்புகளாக எழும்பியிருந்தன. புதிதாகப் பழகுகிற ஒருவரின் பிளேட் முனை அதில் தட்டினால் முகம் குப்புற விழுவார். சுவரோரமாகத் தேங்கி நின்ற நீரில் விழுந்தவர்களின் காற்சட்டை முழங்கால் வரை நனைந்தது. இதில் எந்த இடத்தில் கடல் வருகிறது?

நேர்மையாகச் சொன்னால், கடல் காரணமாகக்கூடிய இடம் ஒன்று உண்டு. பக்கக் காற்றில் கப்பல் ஒரு புறம் சற்றுச் சாய்ந்து போகும்போது, தளத்தைப் புதுப்பிக்க ஊற்றும் நீர் சாய்ந்த பக்கம் ஓடி அங்கே தடித்து உறையும். ஐஸ் தடித்த இடத்தில் கீழேயுள்ள குளிர் மேலே வந்து சேராது. மேற்பரப்பு இளகியே இருக்கும். இதற்கும் தீர்வு தெரிந்ததுதான்: நீரை மெல்லிய படைகளாக ஊற்ற வேண்டும், ஐஸின் தடிப்பைப் பல இடங்களில் துளையிட்டு அளக்க வேண்டும், மிஞ்சிய பக்கத்தைச் சீவ வேண்டும்.

தளம் புதுப்பிக்கும் வேலை நடந்ததாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. இரவு நிகழ்ச்சியில் கலைஞர்கள் துள்ளும்போது பிளேட் நுனியிலுள்ள பற்கள் ஐஸைக் குத்தித் தோண்டும். மறுநாள் அந்தக் குழிகள் அப்படியே இருந்தன; சில குழிகளில் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது. நொறுங்கிய ஐஸோடு தண்ணீர் குழைத்துக் குழியை அடைத்து, உறையவிட்டு, மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி, பிறகு சுமார் 60 பாகைச் சுடுநீரை மெல்லப் பரப்ப வேண்டும். சுடுநீரில் கரைந்த காற்றுக் குறைவு, பழைய ஐஸின் மேற்பரப்பையும் சற்று இளக்கி அதனோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பச்சைத்தண்ணீர் பாவிப்பதில்லை. பிறகு உறைவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது விட வேண்டும். உங்கள் அட்டவணையில் ஒரு குழு வெளியேறும் அதே நிமிடத்தில் அடுத்த குழு உள்ளே போகிறது. இந்த வேலைக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை என்பது உங்கள் சொந்த அட்டவணையிலேயே இருக்கிறது.

சப்பாத்துகளின் நிலை இன்னும் மோசம். ஸ்கேட் பிளேட்டின் அடிப்பகுதி தட்டையானதல்ல. நடுவில் குழிவாகக் கடைந்து இரு ஓரங்களிலும் கூர்விளிம்பு விட்டிருப்பார்கள். அந்த விளிம்பு ஐஸில் பிடித்தால்தான் தள்ள முடியும், நிற்க முடியும். மழுங்கியிருந்தால் கால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். ஆளுக்குப் பழக்கம் போதாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். விரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்தால் கூரான பிளேட் நகத்தைச் சிறிது சுரண்டும். எங்களுக்குத் தந்தவற்றில் பெரும்பாலானவை நகத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஒன்றின் குதிப்பக்கத்தில் நகம் சட்டென்று மாட்டியது. அங்கே விளிம்பு உடைந்து பல்லாகியிருந்தது. காரணம் வாசலிலேயே இருக்கிறது. இறப்பர் விரிப்புத் தளம் வரை போகவில்லை. கடைசி ஓரடியில் கதவடி உலோகப் பட்டியை மிதித்துத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். பட்டியிலேயே பிளேட்டுகள் கீறிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

துருவும் இருந்தது. பாவித்த சப்பாத்தைத் துணியால் துடைத்து, பிளேட் மேலே பார்க்கக் காயவைக்க வேண்டும். உங்கள் பணியாளர்கள் ஈரத்தோடு பெட்டிக்குள் அடுக்கினார்கள். உப்புக் காற்றுள்ள இடத்தில் உருக்கு அதற்கு எத்தனை நாள் தாங்கும்?

அளவுகளிலும் குழப்பம். கொழும்பில் நாங்கள் சப்பாத்து வாங்குவது பிரித்தானிய அளவில். உங்கள் சப்பாத்துகளில் இருந்தது அமெரிக்க அளவு. ஆண் ஒருவர் 7 என்று கேட்டால் அவருக்குக் கிடைப்பது பிரித்தானிய 6. பெண்கள் அளவில் இந்த வித்தியாசம் இரண்டு வரை போகும். விரல் நசுங்குகிறது என்று சொன்னவர்களுக்கு அடுத்த அளவைத் தராமல் இரண்டு அளவு பெரியதைத் தந்தார்கள். பெரிய சப்பாத்தில் குதி மேலே எழும்பும், கணுக்கால் உள்ளே மடியும், நிற்கவே முடியாது. கவுண்டரில் ஒரு மாற்று அட்டவணை ஒட்டினால் தீர்கிற விடயம் இது. பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் அளக்கும் பலகை ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. நாடா கட்டும் முறையையும் யாரும் காட்டவில்லை. விரல் பக்கம் சற்றுத் தளர்வாக, கணுக்கால் மடியும் இடத்தில் ஆக இறுக்கமாக, மேல் கொக்கிகளில் ஒரு விரல் போக இடம் விட்டுக் கட்ட வேண்டும். பலர் முழுவதும் ஒரே இறுக்கமாகக் கட்டி, பாதம் விறைத்துப் பாதியில் கழற்றினார்கள்.

தளம் ஏறத்தாழ 18 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், அதாவது 216 சதுர மீற்றர். ஒலிம்பிக் அளவுத் தளம் 1,800 சதுர மீற்றர். இத்தனை சிறிய இடத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது பேரை விட்டால் ஆளுக்கு நான்கு சதுர மீற்றர்தான். ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு விலக இடமில்லை. எங்கள் மதிப்பில் இருபத்தைந்துக்கு மேல் விடக்கூடாது. எல்லோரும் ஒரே திசையில் போகச் சொல்லவும், விழுந்தால் விரல்களை மடித்துக் கையைப் பொத்திக்கொள்ளச் சொல்லவும் ஒருவர் ஐஸில் நின்றிருக்க வேண்டும். உங்கள் பணியாளர் சுவருக்கு வெளியே நின்றார். எங்கள் குழுப் பிள்ளை ஒருவரின் உள்ளங்கை இன்னொருவரின் பிளேட்டில் வெட்டுப்பட்டது. கையுறை கொடுக்கப்படவில்லை, வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லப்படவும் இல்லை.

முன்கூட்டிச் சொல்லாதவை வேறும் உண்டு. நீளக் காற்சட்டையும் நீளக் காலுறையும் கட்டாயம் என்ற விதி சரியானது. அதை வாசலில் வைத்துச் சொன்னால் என்ன பயன்? சேலையோடும் சல்வாரோடும் வந்த பெண்கள் திரும்பிப் போனார்கள். பொறுப்புத் துறப்புப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பெற்றோரே கையொப்பமிட வேண்டும் என்பதால், அம்மம்மா தாத்தாவோடு வந்த பிள்ளைகள் வெளியே நின்றார்கள். கொழும்பில் தமிழில் விளம்பரம் செய்து விற்ற பயணத்தின் படிவத்தைத் தமிழில் தருவதும், பெற்றோரின் கையொப்பத்தைப் புறப்படுமுன் முகவர் மூலம் வாங்குவதும் உங்களால் முடியாத காரியங்கள் அல்ல.

எங்கள் கோரிக்கைகள் இவை. பற்றுச்சீட்டில் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கென்று தனியாகக் காட்டிய தொகையைக் குழுவிலுள்ள அனைவருக்கும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். காயப்பட்ட பிள்ளைக்காகக் கப்பல் மருத்துவ நிலையத்தில் செலுத்திய கட்டணத்தையும் தாருங்கள். கடல்தான் காரணம் என்று இன்னமும் சொல்வீர்களானால், அந்தப் பயணத்துக்கான மூன்று பதிவுகளின் பிரதிகளை அனுப்புங்கள்: குளிர்திரவம் போகும், திரும்பும் வெப்பநிலைகள், தள மண்டபத்தின் ஈரப்பதன், அந்த நேரங்களில் கப்பல் எவ்வளவு சாய்ந்து உருண்டது என்பது. இவை உங்கள் பொறியியலாளரிடமும் மாலுமிகளிடமும் இருக்க வேண்டியவை. பிளேட்டுகள் கடைசியாக எப்போது தீட்டப்பட்டன என்ற பதிவும் தேவை. அடுத்த பயணங்களுக்கு முன் கதவடிப் பட்டியை இறப்பரால் மூடுங்கள், அட்டவணையில் குழுக்களுக்கு இடையே அரை மணி நேரம் விடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முகவருக்கு எதிராக முறைப்பாடு செய்வோம். சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது என்பதால் அதற்கு மேல் காத்திருக்க எங்களால் இயலாது. பற்றுச்சீட்டு, அட்டவணை, கதவடிப் பட்டியினதும் பிளேட்டுகளினதும் படங்கள், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறோம். மூலப்பிரதிகள் எங்களிடம் இருக்கின்றன. பார்க்க விரும்பினால் கொழும்பு முகவரின் அலுவலகத்தில் காட்டலாம்.

இப்படிக்கு,
பயணக் குழுவின் குடும்பங்கள் சார்பில்